முன்சுவருக்குப் பூசிய சீமெந்து

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீடு மண்ணால் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து அருளப்புவை ஒரு களைப்புப் பிடித்துக்கொண்டது. உடம்புக் களைப்பென்றால் ஒரு நல்ல நித்திரையோடு போய்விடும். இது காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போதே கூட எழும்பியது. பூசைக்குப் போனால் பக்கத்தில் முழந்தாளிட்டது.

அவர் இலுப்பைக்கடவையின் பழைய விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் கழிந்தும் ஊர் அவரை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. வெளுத்த சேட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் நடப்பார். சனம் அவருடைய வேலிப் படலையில் வந்து நிற்கும். அவர் ஒருவருடைய படலையிலும் போய் நின்றதில்லை. அது அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் இருந்த நடைமுறை.

மண்ணை அவர் வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. தகப்பன் கட்டிய கல்வீடு ஷெல்லடியில் போனது. அதன்பின் மடுவில், மல்லாவியில், கிழக்குக் கரையில் என்று இடம்பெயர்ந்த இடமெல்லாம் அவர் மண்ணைக் குழைத்துக் குடில் கட்டினார். ஒவ்வொரு குடிலையும் விட்டுவிட்டு ஓடினார். நகத்துக்குள் மண் காய்ந்து கிடந்த அந்த வருடங்களை நினைக்கவே அவருக்குப் பிடிக்காது. திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் சீமெந்துக்கல் வீடு கிடைத்தது. தகரக் கூரை. பகலில் உள்ளே மனுசர் இருக்கமுடியாது. அவருடைய மனைவி எடித், பிரஷர்க்காரி, மத்தியானம் முழுக்க வேப்பமரத்தின் கீழ் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கிடப்பாள். அப்படியிருந்தும் அது கல்வீடு. றோட்டால் போகிறவன் பார்த்தால் கல்வீடு.

மகள் செலீனா பொறியியல் படித்தவள், மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை. சண்டையும் படிப்பும் சேர்ந்து அவளுடைய கலியாணத்தைப் பிந்தவைத்துவிட்டன. சீதன வீட்டைத் தானே கட்டப்போவதாக அவள் சொன்னபோது அருளப்புவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவள் தங்களுடைய மேட்டுக்காணி மண்ணைக் கிண்டிவந்து, தாயின் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மறுநாள் போத்தலுக்குள் மணல் அடியிலும் களி மேலேயுமாகப் படிந்திருந்தது.

"நல்ல மண் அப்பா. வீட்டுக்குக் காணும்" என்றாள்.

"வீட்டுக்கு மண்ணோ?"

"ஓம். குழைச்சு அப்புற குடில் இல்லை. கொஞ்சம் சீமெந்து கலந்து, மெசினில அழுத்திச் செய்யிற கல்லு. ஒரு அடித் தடிப்புச் சுவர். வெயில் சுவருக்குள்ள நுழைஞ்சு வாறதுக்கிடையில பொழுது பட்டிடும்."

"கொஞ்சமெண்டாலும் சீமெந்து இருக்கெல்லோ. அப்ப சீமெந்துக்கல் எண்டே சொல்லலாம்."

"சொல்லேலாது அப்பா."

தாயும் மகளும் ஒரு பக்கம் நின்றார்கள்; எடித்துக்குக் குளிர்ச்சியான வீடு என்ற சொல்லே மருந்தாக இருந்தது. பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு எழும்பியது. மேற்குப் பக்கம் யன்னல் இல்லை. சோளகக் காற்று வரும் தெற்குப் பக்கத்தில் தரைக்குக் கிட்டப் பதிவான யன்னல்கள், அவற்றுக்கு வெளியே அகலமான தாழ்வாரம். முகட்டடியில் வெக்கை வெளியேற நீளமாக ஒரு திறப்பு. ஓட்டுக் கூரை. உள்ளே பளபளக்கும் சிவப்புத் தரை, வீட்டோடு சேர்ந்த குளியலறை, கொழும்பு வீடுகளில் இருப்பதுபோல் குசினி. எல்லாம் இந்தக் காலத்து வசதிதான். உட்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு; வெளிச்சுவர் மட்டும் மண் நிறத்தில் நின்றது. பக்கச் சுவர்களை வேலி மறைத்தது; றோட்டுக்கு முன்சுவர்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் உயிலங்குளத்துச் சம்பந்தம் வந்தது. சிங்கராசா வயல்காரர், பெயருள்ள குடும்பம். மகன் ஆசிரியர். பெண்ணைப் பிடித்துவிட்டது. "மடுத் திருவிழா முடியட்டும், ஒருக்கா வீட்டைப் பாத்திட்டுக் கலியாண எழுத்துக்கு நாள் வைப்பம்" என்று சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வலன்ரைனும் வருவாராம். அவர் வீடுகட்டும் கொந்தராத்துக்காரர் என்று கேள்விப்பட்டதும் அருளப்பு றோட்டில் இறங்கி நின்று முன்சுவரைப் பார்த்தார். விதானையார் மகளுக்கு மண்வீடு கொடுத்தார் என்று அந்த மனுசன் உயிலங்குளம் முழுக்கச் சொல்லுவான். சம்பந்தம் குழம்பும். பிந்திப்போன பிள்ளைக்கு இன்னொரு சம்பந்தம் எங்கேயிருந்து வரும்?

செலீனா ஏதோ பயிற்சிக்குக் கொழும்புக்குப் போன கிழமையில் அவர் மேசன் றஊப்பைக் கூப்பிட்டார். சிலாவத்துறைப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவன்.

"முன்சுவருக்குச் சீமெந்து பூசும். பூசிக் கிறீம் பெயின்ற் அடியும்."

றஊப் சாந்துக் கரண்டியை நிலத்தில் வைத்தான். "விதானையார், மகள் போகக்குள்ள தரை வேலைய முடிக்கச் சொல்லித்தான் போனவ. சுவரில கை வைக்கச் சொல்லல்ல."

"காணி ஆற்ற பேரில?"

"உங்கட பேரில."

"அப்ப என்ன?"

"அப்ப ஒண்டுமில்ல. அவ வந்து என்னைப் பிடிச்சா நான் உங்கட பேரைச் சொல்லுவன். ஒளிச்சு வைக்க மாட்டன்."

"தாராளமாச் சொல்லும்."

"வீட்டுக்கு முகப்பவுடர் பூசுறியள் விதானையார்" என்று சிரித்துக்கொண்டே அவன் சீமெந்து குழைத்தான். பூசி, காயவைத்து, பெயின்ற் அடித்து முடிந்ததும் அருளப்பு றோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். எல்லா வீடுகளையும்போல ஒரு வீடு நின்றது. அவருக்கு அது போதும்.

சனிக்கிழமை பின்னேரம் செலீனா பையோடு வந்து முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆர் சொல்லிப் பூசினது?"

"நான்தான்."

"அப்பா, ஈரம் ஏறி இறங்க மண் அசையும். சீமெந்து அசையாது. இது ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சு நிக்காது."

"நாளைக்கு அவை வந்து பாக்குமட்டும் நிண்டால் காணும்."

"கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன்."

"உன்னை ஆர் கேக்கப் போயினம்? பொம்பிளைப் பிள்ளையிட்ட வீட்டைப் பற்றிக் கேக்கிற வழக்கம் இல்லை."

"கட்டினது நானெல்லோ."

அருளப்பு வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அவையளுக்கு—" என்று அவள் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்தால் அந்த வீட்டில் கதை முடிந்தது. விதானையாக இருந்த காலத்தில் காணிச் சண்டைக்காரர்களே அந்தக் கைக்கு அடங்கியிருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது செலீனாவும் களைத்துப்போன ஒருத்தியைப்போல்தான் நடந்தாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு வான் வந்தது. சிங்கராசா, அவர் மனைவி மாக்கிறட், அவளுடைய தமையன் வலன்ரைன். சோளகம் புழுதியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. மாக்கிறட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கதிரையில் இருந்து, சுவரில் முதுகைச் சாய்த்தாள். சிறிது நேரத்தில் வியர்வை துடைத்த லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பிள்ளை, ஏசியை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?"

"ஏசி இல்லை மாமி. காற்று அந்தப் பதிஞ்ச யன்னலால வருது. வெக்கை மேல ஏறி முகட்டடியால போகுது."

"எங்கட வீட்டில இந்நேரம் தகரத்துக்குக் கீழ அப்பளம் பொரிக்கலாம். நான் இண்டைக்கு இதால எழும்பமாட்டன், சொல்லிப்போட்டன்."

எடித் சிரித்தாள். பலகாரத் தட்டை ஒழுங்குபடுத்தி, தேத்தண்ணியை ஊற்றப் போனாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அருளப்பு முதன்முறையாக மூச்சை ஆறுதலாக விட்டார். அப்போது வலன்ரைன் வெளியே தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"விதானையார், இது என்ன கல்லு?"

அருளப்பு வெளியே போனார். "சீமெந்துக்கல்."

"ஆறு அங்குலக் கல்லில இவ்வளவு தடிப்பு வராதே. இரட்டைக்கல்லோ?"

"இரட்டைக்கல்."

ஒரு பொய்யோடு நின்றிருக்கலாம். இரண்டாவது தானாக வந்தது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் செலீனா நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு அவளோடு கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

வலன்ரைன் தொழில் பழக்கத்தில் மோதிர விரலை மடக்கிச் சுவரில் தட்டினார். பொக்கென்று கேட்டது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி இன்னொருமுறை, பலமாகத் தட்டினார். தலைமயிர்போல ஒரு வெடிப்பு ஓடியது. பிறகு கதவளவு சீமெந்துப் பாளம் கிறீம் நிறத்தோடு கழன்று, சரிந்து, அவருடைய சப்பாத்துக்கு முன்னால் விழுந்து நொறுங்கியது. பின்னால் மண் தெரிந்தது.

"இரட்டைக்கல்லெண்டியள்" என்றார் வலன்ரைன். சிரிப்பு அடக்கமுடியாமல் வந்தது. "மச்சான், இஞ்ச வந்து பாருங்கோ! இது மண்ணெல்லோ! விதானையார் எங்களுக்கு மண்ணை இரட்டைக்கல்லெண்டு விக்கிறார்!"

சிங்கராசா வெளியே வந்தார். அவர் சிரிக்கவில்லை. உடைந்த பாளத்தையும் சுவரையும் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"விதானையார், மண்வீடெண்டு எங்களுக்கு முதலே தெரியும்."

அருளப்பு அவரைப் பார்த்தார்.

"உங்கட மகள் எங்கட பெடியனுக்குச் சொன்னவ. போனில படமும் அனுப்பினவ. நானும் இவவும் பாத்தனாங்கள். மண்வீடு பாக்கத்தான் ஆசையா வெளிக்கிட்டு வந்தனாங்கள். மச்சானுக்கு மட்டும் சொல்லேல்லை, சொன்னால் வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வருவார். வந்து பாத்தால் சீமெந்து. சரி, பிள்ளை கடைசியில மாத்திப்போட்டுதாக்கும் எண்டு நினைச்சன். இப்ப பாத்தால்..." அவர் நிறுத்தினார். "மகள் ஒண்டு சொல்லுறா. தகப்பன் இன்னொண்டு சொல்லுறார். நாங்கள் எதை நம்புறது? மண்ணையே இப்பிடி மறைக்கிற வீட்டில, வேற என்ன நோய் வருத்தம் மறைஞ்சு கிடக்குதோ எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்ல?"

எடித் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். மாக்கிறட் மனமில்லாமல் எழும்பி வந்தாள். தேத்தண்ணியை அவர்கள் தொடவில்லை. பெண் வீட்டில் வாய் நனைக்காமல் போகும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வருவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அருளப்பு தாழ்வாரத்தில் உடைந்து கிடந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். பிறகு உள்ளே போய்ச் செலீனாவிடம் கேட்டார்.

"பெடியனோட போனில கதைச்சனியோ?"

"ஓம்."

"எழுத்துக்கு முன்னமோ?"

"ஓம் அப்பா. நேற்று அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் கையைத் தூக்கினீங்கள்."

வேறு ஒரு நாளென்றால் அந்த வீடு அதிர்ந்திருக்கும். அன்று அவருக்குக் குரலை உயர்த்தவே சீவன் இல்லை. எழுத்துக்கு முன் பெண் மாப்பிள்ளையோடு பேசுவது குடும்ப மரியாதைக்குக் கேடு என்று அவர் எத்தனை தகப்பன்மாருக்குப் புத்தி சொல்லியிருப்பார். இப்போது அந்தப் பேச்சு ஒன்றுதான் தங்களுடைய வீட்டில் நேராக நடந்த காரியமாக இருந்தது.

அடுத்த நாட்களில் ஊர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய கேள்வியாக இருந்தது. முன்சுவரில் மிச்சப் பூச்சு அங்குமிங்கும் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. செலீனா வேலைக்குப் போனாள், வந்தாள், தாய்க்குப் பிரஷர்க் குளிசை எடுத்துக் கொடுத்தாள். அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

ஒருநாள் வேப்பமரத்தடியில் எடித் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஒருக்கா உயிலங்குளத்துக்குப் போட்டு வாங்கோ."

"பொம்பிளைப் பகுதி மாப்பிள்ளை பகுதியின்ர படலையில போய் நிக்கிறதோ?"

"பிள்ளை முப்பதைத் தாண்டியிட்டாள். உங்கட முதுகு நேரா நிண்டு எங்களுக்கு என்ன கிடைச்சது?"

கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு ஈரத் துவாயை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவர் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தள்ளாடியில் இறங்கி மற்றப் பஸ்ஸுக்கு வெயிலில் நின்றார். உயிலங்குளத்தில் வயல்கள் அறுத்த தாளோடு வெடித்துக் கிடந்தன. குளத்தில் நடுவில் மட்டும் தண்ணீர். சிங்கராசாவின் படலையில் அவர் நின்றபோது நாய் குரைத்தது. கூப்பிட்டுக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது பழக்கமில்லாததால் குரல் முதலில் வரவில்லை.

"விதானையாரோ! வாங்கோ, வாங்கோ. உள்ள வாங்கோ" என்று சிங்கராசா எழும்பி வந்தார். மாக்கிறட் கதிரையை இழுத்துப் போட்டாள்.

அருளப்பு இருக்கவில்லை. "முதல் சொல்லிப்போட்டு இருக்கிறன். அண்டைக்கு நான் சொன்னது பொய். பூசினதும் நான்தான். பிள்ளை வேண்டாமெண்டவள், மேசனும் வேண்டாமெண்டவன். அவள் உங்களுக்குச் சொன்னதெல்லாம் உண்மை. எங்கட குடும்பத்தில மறைக்க வேற ஒண்டுமில்லை. எனக்கு வெக்கமா இருந்தது. மண்ணை நினைச்சு வெக்கமா இருந்தது. அவ்வளவுதான்."

சிங்கராசா கதிரையைக் கிட்டத் தள்ளினார். அவரும் இளைஞர் இல்லை. "இருங்கோ விதானையார்" என்றார். "பெடியன் அவவைத்தான் கட்டுவனெண்டு நிக்கிறான். இவவுக்கு அந்த வீட்டை விட்டு வந்ததே கவலை."

"இப்பவும் முதுகில அந்தக் குளிர் நிக்குது" என்றாள் மாக்கிறட்.

"என்ர மச்சான்தான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். விதானையார் பூசி மறைச்சு மாட்டுப்பட்டாரெண்டு. அதை நான் எப்பிடி நிப்பாட்டுறது? ஒரு வழிதான் இருக்கு. பூச்சை முழுக்கக் கழட்டுங்கோ. நீங்களே கழட்டுங்கோ. றோட்டால போறவை பாக்கட்டும். பிறகு சொல்லியனுப்புங்கோ, வந்து எழுத்துக்கு நாள் வைப்பம். விதானையார் தன்ர கையால கழட்டினாரெண்டால் மச்சானும் அதுக்கு மேல கதைக்கமாட்டார்."

"என்ர கையாலையோ?"

"ஓம். வேற ஆள் பிடிச்சுச் செய்தால் அதுவும் ஒரு பூச்சுத்தான்."

அருளப்பு கதிரையில் இருந்தார். மாக்கிறட் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். "சரி" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரம் தலையைச் சாய்த்தபடியே நித்திரையாகிவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறக்கினார்.

வீட்டுக்கு வந்து செலீனாவிடம் நடந்ததைச் சொன்னார். கடைசியில், "உனக்கு விருப்பமோ?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் முகம் சொன்னது.

"விருப்பம்" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். றஊப் உளியையும் சுத்தியலையும் தந்துவிட்டு, "நான் கீழ்ப்பக்கத்தையாவது கழட்டுறன் விதானையார்" என்றான். அவர் தலையாட்டி மறுத்தார். பொக்காக இருந்த இடங்கள் இலேசாக விழுந்தன. பிடித்திருந்த இடங்கள் மண்ணையும் உரித்துக்கொண்டு வந்தன. சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆகிக்கொண்டிருந்தது. தோள்மூட்டு நொந்தது, புழுதி கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போனது.

றோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. மீன்பெட்டியோடு அலியார். விடத்தல்தீவிலிருந்து வெள்ளாங்குளம் வரைக்கும் எல்லாப் படலைக்கும் மீனையும் கதையையும் ஒன்றாகக் கொண்டுபோகிறவர்.

"என்ன விதானையார், குடிபுக முன்னமே இடிக்கிறியளோ?"

அருளப்பு உளியை இறக்கினார். இவரிடம் ஒரு சொல் சொன்னால் அது மத்தியானத்துக்குள் கரை முழுக்கப் போய்ச் சேரும். அவர் ஏணியில் நின்றபடியே றோட்டுப் பக்கம் திரும்பி, விதானைக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இடிக்கேல்லை. இது மண் வீடு. என்ர மகள் கட்டினது. நான் வெக்கப்பட்டுச் சீமெந்து பூசினனான். இப்ப கழட்டுறன்."

அலியார் தலைக்கவசத்தைக் கழற்றிச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "மண்ணோ? அப்ப உள்ளுக்கு வெக்கை இல்லையாக்கும்."

"இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ். நாங்க தகரத்துக்குள்ள வேகுறம். சரி, ஒட்டி மீன் இருக்கு, விளைமீன் இருக்கு. என்ன வேணும்?"

"எடித்திட்டக் கேளும்."

மோட்டார் சைக்கிள் படலைக்குள் திரும்பியது. அருளப்பு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினார். கழற்றியது கொஞ்சம், கழற்றக் கிடந்தது நிறைய. உளியை வைத்து ஓங்கி அடித்தார். கீழே ஏணியை யாரோ பிடித்ததில் ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தார். செலீனா வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றாள்.

"உளியை நேரா வைக்காதேங்கோ அப்பா, கல்லு உடையும். சரிச்சுப் பிடியுங்கோ."

அவர் சரித்துப் பிடித்தார்.